வராத நாட்களுக்கு விரித்த பாய்

1953 ஆகஸ்ட் 25, செவ்வாய்க்கிழமை. விடியுமுன் எழுந்து, குழாயில் தண்ணீர் வருவதற்குள் முற்றத்தில் குடங்களை வரிசையில் வைத்தேன். கரியடுப்பை மூட்டிக் கஞ்சி காய்ச்சினேன். துறைமுகத்துச் சங்கு ஊதியதும் என் கணவர் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குப் புறப்பட்டார். அங்கே கிரேன்களைப் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. அவர் போனதும் தகர டப்பாவைத் திறந்து, ஒரு கரண்டி கறுப்புத் தூளை வெந்நீரில் கலக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு குடித்தேன். பிறகு முற்றத்தைப் பெருக்கினேன்.

ரங்கூனில் இன்னும் இருக்கும் என் சிநேகிதிகளுக்கும், என்னைப் போல அங்கிருந்து வந்து இந்தப் பட்டணத்தின் வடகோடியில் ஒண்டியிருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். ராயபுரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டில் ஏழு குடித்தனங்களுக்கு ஒரே குழாய். வீட்டுக்கு விலக்கான பெண் அதைத் தொடக்கூடாது. விறகு அடுக்கியிருக்கும் பின்கட்டில் பாயை விரித்து மூன்று நாள் ஒதுங்கியிருக்க வேண்டும். அதுவரை இன்னொருத்தி அவளுக்குத் தண்ணீர் பிடித்து ஊற்றுவாள். ஆகவே யார் எப்போது உட்கார்ந்தாள், யார் உட்காரவில்லை என்பது வீடு முழுவதற்கும் தெரியும். வந்து பதினோரு வருஷமாகியும் எனக்கு இது பழகவில்லை. ரங்கூனில் மாடி அறையில் குடியிருந்தோம். அடுத்த அறைக்காரிக்குக்கூட என் உடம்பின் கணக்கு தெரியாது.

அந்தக் கணக்கு சரியாக இருந்ததே இல்லை என்பதுதான் விஷயம். வயதுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு மாதாமாதம் வந்ததில்லை. மூன்று மாதம் வராது, ஒரு முறை வரும், மறுபடி அரை வருஷம் வராது. உடம்பு பருத்தது. மோவாயில் ரோமம் முளைத்தது. அதைக் கதவைச் சாத்திக்கொண்டு பிடுங்குவேன். கல்யாணமாகியும் குழந்தை இல்லை. இந்தக் குறைக்கு ஒரு பெயர் உண்டா என்று எனக்குத் தெரியாது. ரங்கூனில் கீழ்வீட்டுப் பர்மியப் பெண் மா தின் ஒரு நாள் அந்தத் தூளைக் கொடுத்தாள். ‘துவே சே’ என்பார்கள். இரத்த மருந்து என்று அர்த்தம். அங்கே சிறுமி முதல் கிழவி வரை பெண்கள் எல்லாரும் சாப்பிடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கும் அது கேட்டது. நாலு மாதம் வராதது இரண்டு மாதத்தில் வந்தது. மா தின் ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னாள். வயிற்றில் ஏதாவது தங்கிவிட்டது என்று சந்தேகம் தட்டினாலும் இதைத் தொடாதே. கீழே இறக்குவது மட்டும்தான் இதற்குத் தெரியும், எதை இறக்குகிறோம் என்று தெரியாது என்றாள். தங்கினால்தானே பயம் என்று அப்போது சிரித்தேன்.

யுத்தத்தில் கப்பலேறி இங்கே வந்த புதிதில் எனக்கு ஐந்து மாதம் வரவில்லை. நான் பாயை எடுக்காததைப் பார்த்த வீட்டுப் பெண்கள் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். அடுத்த குடித்தனக்காரி தேசம்மா மாங்காய் கொண்டுவந்து கொடுத்தாள். மீன் கூடையோடு தெருத்தெருவாய்ச் சுற்றுகிறவள். அன்றைக்கு நல்ல மீனாகப் பார்த்து எனக்கென்று எடுத்துவைத்தாள். வயிறு எழும்பவில்லை என்று தெரிந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வளைகாப்பு வீடுகளுக்கு என்னைக் கூப்பிடுவது நின்றது. பச்சைக்குழந்தையை என் மடியில் வைக்கத் தயங்கினார்கள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நானே ஓர் ஒழுங்கு ஏற்படுத்திக்கொண்டேன். ஒவ்வோர் அமாவாசைக்கும் மறுநாள், வந்தாலும் வராவிட்டாலும், பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விடுவேன். மூன்று நாள் இருந்து தலைமுழுகி வருவேன். தேசம்மா தண்ணீர் ஊற்றுவாள். மற்றப் பெண்களைப் போல நானும் ஆகிவிட்டேன். என் கணவருக்கு மட்டும் தெரியும். அவர் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

மருந்தையும் விடவில்லை. யுத்த காலத்தில் ரங்கூன் தூள் கிடைக்காதபோது வண்ணாரப்பேட்டை நாட்டுமருந்துக் கடையில் கருஞ்சீரகமும் கழற்சிக்காயும் வாங்கினேன். எள்ளை வெல்லத்தோடு இடித்து உருட்டித் தின்றேன். பெண்களுக்கென்று புட்டியில் வரும் டானிக்கையும் குடித்தேன். கடைக்காரச் சாயபு கருஞ்சீரகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது, புருஷன் ஊரில்தான் இருக்கிறாரா என்று கேட்டார். முன்பின் தெரியாத ஆண் இப்படிக் கேட்கிறாரே என்று கோபம் வந்து, நிறுத்துக் கொடுத்தால் போதும் என்றேன். அவர் கட்டிக்கொடுத்தார். பிள்ளை தங்கியிருந்தால் அந்த மருந்து ஆகாதென்று, என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார் என்பது எனக்கு இத்தனை வருஷம் புரியவில்லை. கப்பல் போக்குவரத்து மீண்டும் தொடங்கியபின், மாலுமிகளிடம் சொல்லி என் கணவரே டப்பா வரவழைத்துக் கொடுத்தார்.

இந்தச் செவ்வாய்க்கிழமை காலை முற்றத்தைப் பெருக்கி நிமிர்ந்தபோது அடிவயிற்றில் ஏதோ புரண்டது. சில நாட்களாகவே அப்படித்தான் இருந்தது. வாயு என்று ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். இந்த முறை துடைப்பத்தைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். கூடையைத் தலைக்கு ஏற்றப்போன தேசம்மா நின்று பார்த்தாள்.

“இன்னாக்கா இது, வவுறு முன்னாடி வந்துகினு கீது?”

நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, சேலைக்கு மேலேயே கையை வைத்து அழுத்தினாள். முகம் மாறியது.

“கெட்டியா கீதே. புள்ளன்னு சொல்லலாம்னா, இந்த அமாவாசைக்குக்கூட நான்தானே தண்ணி ஊத்துனேன்? இது கட்டிக்கா. எங்க சித்திக்கு இப்டித்தான் வந்துச்சி.”

அவளுடைய சித்தி அதில்தான் இறந்தாள் என்பது எனக்குத் தெரியும். தேசம்மா அன்றைய வியாபாரத்தை விட்டுவிட்டு என்னைப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். வழியெல்லாம் ஏதேதோ தைரியம் சொன்னாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை. கட்டியாக இருக்குமோ என்று ஒரு பயம். கட்டியாக இல்லாவிட்டால் என்ன என்ற எண்ணம் வந்ததும் அதைவிடப் பெரிய பயம் வந்தது. காலையில் குடித்த தூளின் கசப்பு இன்னும் நாக்கில் இருந்தது.

டாக்டரம்மா என் கடைசித் தலைமுழுக்கு எப்போது என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தேசம்மா முந்திக்கொண்டாள்.

“இந்த மாசம் ஒக்காந்துச்சி, போன மாசம் ஒக்காந்துச்சி. தவறாம ஒக்காரும் டாக்டரம்மா. நான்தான் சாட்சி.”

டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கர்ப்பப்பையில் கட்டி வளர்ந்திருப்பதுபோல் தெரிகிறது, மறுநாளே வந்து படுக்க வேண்டும், அறுக்க வேண்டியிருக்கும் என்றார். நர்ஸ் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டாள். நான் கட்டிலைவிட்டு இறங்கவில்லை.

“உட்கார்ந்தேன். ஆனால் எனக்கு வரவில்லை” என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மாதவிலக்கு நிற்கிற வயதா என்று கேட்டார். முப்பத்தொன்பது என்றேன். தேசம்மா, பயத்தில் அக்காவுக்குப் புத்தி தடுமாறுகிறது என்று அவரிடம் சொன்னாள். அவள் பக்கம் பார்க்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். பங்குனிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை என்றேன். பாயை விரித்தது வீட்டுக்காரர்களுக்காக என்றேன். டாக்டரம்மா மறுபடி படுக்கச் சொல்லி, ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்தார். இடம் மாற்றி வைத்தார். இன்னொரு இடம். அந்த நேரத்தில் நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. எது வேண்டும் என்று கேட்பது என்றே தெரியவில்லை.

“துடிக்கிறது. குழந்தைதான்” என்றார்.

நான் அழுததைப் பார்த்து அவர் சந்தோஷம் என்று நினைத்தார். தூளைப் பற்றிச் சொன்னதும் அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. பர்மா மருந்தில் என்ன சேர்கிறது என்று தனக்குத் தெரியாது, இதுவரை தங்கியிருப்பதே பெரிது, அது என்ன செய்திருக்கிறது என்று பிறந்தால்தான் தெரியும் என்றார். தூள், கருஞ்சீரகம், கழற்சிக்காய், டானிக் எதுவும் இனி வாயில் படக்கூடாது. பால், கீரை, முட்டை, மீன் போதும். அசைவு குறைந்தால் உடனே வரவேண்டும். டப்பாவைக் கொண்டுவந்து காட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் தேசம்மா எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ரயில்வே கேட் மூடியிருந்ததால் நிற்க வேண்டியதாயிற்று. சரக்கு வண்டி கடந்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“பதினோரு வருசமா உனுக்குத் தண்ணி ஊத்தினேன். மய பேஞ்ச நாள்லகூட ஊத்தினேன். என்னாண்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?”

கேட் திறந்தபின் அவளே என் கையைப் பிடித்துத் தண்டவாளத்தைத் தாண்டவைத்தாள். பாதி வழியில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“தீட்டே இல்லாம தீட்டுன்னு ஒக்காந்தவள ஒலகத்துலயே இப்பத்தான் பாக்குறேன், ரங்கூன் அக்கா.”

வீட்டில் யாருக்கும் சொல்லமாட்டேன் என்றாள். பிறகு, வயிறு சொல்லிவிடுமே என்றும் சொன்னாள்.

சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். அவர் கையில் கிரீஸ் கறை இருந்தது. துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். டப்பாவை எடுத்து விளக்கருகே வைத்துப் பார்த்தார். “நான்தானே வாங்கிவந்தேன்” என்று மட்டும் சொன்னார். சாப்பிடவில்லை. அந்தக் குழந்தைக்கு விரல்கள் சரியாக இருக்குமா, கண் இருக்குமா என்று இருவருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகஸ்ட் 26, புதன்கிழமை. காலையில் கண் விழித்ததும் முதலில் இரண்டு கைகளையும் வயிற்றில் வைத்தேன். அசைவில்லை. முற்றத்தில் குடங்கள் உரசும் சத்தம் கேட்டது. எழவில்லை. இன்னும் அசைவில்லை. என் வாய் தானாக “லா பா, லா பா” என்றது. வா, வா என்று பர்மியப் பேச்சில் கூப்பிட்டிருக்கிறேன். இந்த ஊரில் அந்தப் பேச்சை நான் உரக்கப் பேசியதே இல்லை. உள்ளே ஒரு மீன் திரும்புவதுபோல் அது புரண்டது. அப்புறம்தான் மூச்சு வந்தது. இங்கே பிறக்கப்போகும் குழந்தையாயிற்றே என்று “வா” எனத் தமிழிலும் சொன்னேன். அசையவில்லை. கையை எடுக்காமல் காத்திருந்தேன்.