நட்பிலிருந்து தொண்ணூறு நாள் விடுப்பு

காலை ஏழு பத்துக்கு என் கதவின் அடியில் காகிதம் உரசும் சத்தம் கேட்டால், எதிர்வீட்டுப் பெண் பள்ளிக்குக் கிளம்பிவிட்டாள் என்று அர்த்தம். வயது பதினேழு, பள்ளியில் கடைசி வருஷம். சொல்ல வேண்டியதை எல்லாம் எழுதித்தான் தருவாள். எனக்கு வந்த முதல் கடிதம் இது:

"அனுப்புநர்: எதிர்வீடு. பெறுநர்: அக்கா. பொருள்: சிரிப்பதிலிருந்து விடுப்பு வேண்டி. மதிப்பிற்குரிய அக்கா, பரீட்சை நெருங்குவதால் மாடிப்படியில் உங்களைப் பார்க்கும்போது சிரிக்க இயலாத நிலையில் உள்ளேன். மூன்று மாதங்களுக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்."

நான் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். சிவப்புப் பேனாவோடு இரண்டு முறை படித்தேன். ஓர் ஒற்றுப்பிழைகூட இல்லை. பதினேழு வயதில் இவ்வளவு சுத்தமாக எழுதுகிறாளே என்று எனக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

குடியிருப்பில் அவளுக்கு 'மனுக்காரி' என்று பெயர் விழுந்துவிட்டது. அம்மாவுக்குப் போன மனு, சாப்பாட்டு மேசையில் பேசுவதிலிருந்து விடுப்பு கேட்டது. எட்டு வயதுத் தங்கைக்குப் போனது, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் அக்காவாக இருப்பதிலிருந்து. "ஞாயித்துக்கிழமை எத்தனை மணிக்கு அக்கா ஆவே?" என்று அந்தக் குழந்தை கதவுக்கு வெளியே நின்று கேட்டதாம். பதினொன்றுக்கு என்று உள்ளிருந்து பதில் வந்ததாம்.

அவள் அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர். எல்லா மனுவிலும் முத்திரை குத்திக் கொடுப்பார். அவரிடம் இருக்கும் ஒரே முத்திரை, 'சோதிக்கப்பட்டது. இயக்கலாம்' என்பது.

"நீங்களும் இதுக்குத் துணை போறீங்களே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"என்னம்மா பண்றது? சும்மா கதவத் தட்டினா அழுவுறா. இதுக்குன்னா எங்கிட்ட வந்து நிக்கிறா. ஒரு நிமிஷமாவது மூஞ்சியப் பாக்குறேன்" என்றார்.

பாலர் வகுப்பிலிருந்து அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள் 'பொடிசு'. குட்டையாக இருப்பதால் வந்த பெயர். அரையாண்டுத் தேர்வின் இயற்பியல் மதிப்பெண்களை ஆசிரியை சத்தமாக வாசித்தார். மனுக்காரிக்கு நாற்பத்தொன்று, பொடிசுக்கு எழுபத்தெட்டு. பொடிசு தோளைத் தொட்டு, "பரவால்லடி" என்றாள்.

அன்று மாலை மனுக்காரி ஒரு கடிதத்தைக் கையிலேயே கொண்டுவந்து கொடுத்தாள். "தப்பு இருந்தா சொல்லுங்கக்கா." நட்பிலிருந்து தொண்ணூறு நாள் விடுப்பு. மூன்று பிழைகள். நட்பு என்ற சொல்லில் ஓர் எழுத்தே விழுந்திருந்தது.

"அவ உன்ன என்ன பண்ணா?"

"ஒண்ணும் பண்ணல. பரவால்லன்னு சொன்னா. எனக்கு அவ பரவால்ல சொல்ற மாதிரி ஆயிடுச்சுல்ல, அதத்தான்க்கா தாங்க முடியல." நகம் கடித்த விரல்களைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டாள்.

நான் மூன்று பிழைகளையும் திருத்திக் கொடுத்தேன். கிழித்துப் போட்டிருக்க வேண்டும்.

பொடிசு சளைத்தவள் இல்லை. மறுநாளே பதில் வந்தது: "விடுப்பு அனுமதிக்கப்படுகிறது. தோழிப் பணி பாதிக்கப்படாமலிருக்க மாற்றாள் நியமிக்கப்பட்டுள்ளார்." மாற்றாள், கடைசி பெஞ்சில் இருந்த நெட்டைப் பெண். பொடிசோடு சாப்பிட்டாள், பொடிசோடு வீட்டுக்கு நடந்தாள்.

"அவள என் பேரச் சொல்லிக் கூப்புடுறாக்கா! அந்தப் பேரு பதவிக்காம், ஆளுக்கில்லயாம். அந்த நெட்டையும் திரும்பிப் பாக்குது!" மனுக்காரி என் வாசலில் நின்று கத்தினாள்.

விடுப்பின் பத்தொன்பதாம் நாள், வேதியியல் தேர்வில் மனுக்காரி பேனாவை மூடி வைத்துவிட்டு வெறும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை பதறிப்போய் அவள் பெயரைச் சொல்லி, "என்னம்மா ஆச்சு?" என்றார். நெட்டைப் பெண் எழுந்து நின்று, "நல்லாத்தான் இருக்கேன் மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. மனுக்காரி எந்தக் கடிதமும் கொடுக்காமல் வெளியே நடந்துவிட்டாள்.

நான் கதவைத் திறந்தபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். நடந்ததைச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன், குடித்தாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. மடியில் ஒரு தாளை வைத்து, 'பணியில் மீண்டும் சேர அனுமதி வேண்டி' என்று எழுதிக்கொண்டிருந்தாள்.

பள்ளி விட்டதும் பொடிசு மூச்சிரைக்க ஏறி வந்தாள். இரண்டு படி கீழேயே நின்று தாளை வாங்கிப் படித்தாள்.

"இன்னும் எழுவத்தொரு நாள் இருக்கு."

"தெரியும்."

"மாத்தாளுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"தெரியல."

பொடிசு தாளை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். திடீரென்று அவள் முகம் கோணியது. "எழுவத்தெட்டு வாங்குனவ அழக் கூடாதா? எங்க வீட்ல மீதி இருவத்திரெண்டு எங்கன்னு தெனமும் கேக்குறாங்க. மூணு வாரமா நான் யாருகிட்டடி போய் அழுவேன்? அந்த நெட்டைகிட்ட சொன்னா, அவ எனக்கு அல்ஜீப்ரா சொல்லித் தர்றா!"

பக்கத்தில் படியை அடைத்துக்கொண்டிருந்த புத்தகப் பையை மனுக்காரி இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, சுவரோரமாக நகர்ந்தாள்.