பெட்டியைக் கீழே போட்டவர்

பெங்களூர் சுற்றுலாவில் எங்களோடு வந்த அந்த அண்ணாச்சி, தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். மேலிருந்து கீழே பார்த்துப் பார்த்தே வளைந்த கழுத்து. அறிவியல் அருங்காட்சியகத்தில் பொம்மை கிரேனைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பாடத்தில் மட்டுமே கண்ட நட்சத்திரக் கூட்டங்களை அங்கிருந்த கோளரங்கில் பார்க்கத்தான் வந்திருந்தேன். குழு டிக்கெட் என்பதால் அவர் வராமல் எங்களை உள்ளே விடமாட்டார்கள். அன்றைய கடைசிக் காட்சி தொடங்கும் நேரம்.

"தினமும் பார்க்கிற வேலைதானே அண்ணாச்சி? வாங்க!" என்றேன்.

"கொஞ்சம் பொறுளா. அங்கன துறைமுகத்துல ஒரு பெட்டியக் கீழ போட முடியுமா? இங்கன பாரு."

உச்சிக்குத் தூக்கிய பெட்டியை வேண்டுமென்றே விட்டார். டமாரென்று விழுந்ததும் கண்ணீர் வரச் சிரித்தார். மறுபடி தூக்கினார்.

அதற்குள் கோளரங்கக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நீயும் ஒண்ணு போடுதியா?" என்றார். ஆத்திரத்தில் நானும் போட்டேன்.

"இன்னும் உயரத் தூக்கிப் போடணும்ளா."

நட்சத்திரத்தையும் பறிகொடுத்துவிட்டு, எனக்கு இதில் பாடம் வேறு!