வேறொரு மாரியாயி

அந்தமானில், டாலிகஞ்சில் தனியாக இருக்கிறேன். மகளுக்கு மெயின்லேண்டில் வேலை. எனக்கு விவரம் தெரியும் முன்பே அப்பா இறந்துவிட்டார். ஓய்வு பெற்றபின், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த என் பூட்டி, அப்பாவுடைய பாட்டி மாரியாயியைத் தேட ஆரம்பித்தேன்.

அங்கிருக்கும் ஒருவர் தோட்டத்துப் பழைய பதிவேட்டைப் படமெடுத்து அனுப்பினார். ‘மாரியாயி, வயது பத்தொன்பது, பிரசவத்தில் மரணம்’ என்றிருந்தது. அழுதுவிட்டேன். அன்று முதல் அமாவாசைதோறும் அவளுக்கு விளக்கேற்றினேன். சமைக்கும்போது அவளோடு பேசவும் செய்தேன். வீட்டில் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

ஐந்து மாதம் கழித்துத்தான், கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருக்கும் சித்தப்பா மகன் முருகேசனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். உடனே போன் செய்தான்.

“அக்கா, புருசன் பேரு வீராசாமின்னு போட்டிருக்கே? நம்ம பூட்டன் கருப்பையால்ல?”

“எழுதினவங்க தப்பா எழுதியிருப்பாங்கடா.”

“இல்லக்கா. நம்ம பூட்டி கெழவியாகித்தான் செத்துச்சு. எங்கப்பாவத் தூக்கி வளத்ததே அதுதான். ஒரு வார்த்த என்னைக் கேட்டிருக்கலாம்ல?”

படத்தை மறுபடி பார்த்தேன். அதே வரியின் கடைசியில், ‘சிசுவும் மரணம்’ என்று இருந்தது. சொந்தம் கிடைத்த ஆசையில் அதைப் படிக்காமலே விட்டிருக்கிறேன். அவள் எனக்கு யாருமில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போதெல்லாம் பெயரை மட்டும் பார்த்து நம்புவதில்லை. கணவர் பெயர், பிள்ளைகள் விவரம் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று முருகேசனிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்காகவே ஞாயிறுதோறும் அவனுக்குப் போன் செய்கிறேன்.

அமாவாசை விளக்கை மட்டும் நிறுத்தவில்லை. அந்தப் பெண்ணுக்கு விளக்கேற்ற வேறு யாரும் இல்லை.