கை நிற்காத படம்

டெக்கண்ணனின் கடையிலிருந்து ஒரு படம் வெளியே போகிறது என்றால் அது துடைத்து வைத்த கண்ணாடி மாதிரி இருக்கும். இதை அவர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். வழி கேட்டு நிற்கிறவர்களிடமும் சொல்வார். சொல்லிக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்ட மனிதர். வீடியோ டெக் ஓடிய காலத்தில் அதற்குள் நாடாவைப் படிக்கிற ஹெட்டைப் பஞ்சால் துடைக்கிற வேலையில் தொடங்கினார்; பட்டப்பெயர் அங்கே ஒட்டிக்கொண்டது. டெக் போய் கேபிள் வந்தபோது கம்பம் கம்பமாக ஏறி வயர் இழுத்தார். கேபிள் படுத்தபோது ஊரே உச்சுக்கொட்டியது. அவர் ஒரு பழைய வேனை வாங்கி, கேமராக்களை ஏற்றி, நேரலைத் தொழிலில் இறங்கிவிட்டார். கல்யாணமோ, கூட்டமோ, பந்து விளையாட்டோ, கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரன் அந்த நிமிஷமே பார்க்க வேண்டுமென்றால் இவரைத்தான் கூப்பிட வேண்டும். யாரும் கைபிடித்துச் சொல்லித் தரவில்லை. கழற்றினார், கெடுத்தார், திரும்ப மாட்டினார், தெரிந்துகொண்டார். அப்படி வந்த அறிவு லேசில் போகாது.

தொழிலின் சூட்சுமத்தை அவர் ஒளித்து வைத்ததும் கிடையாது. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், பாடம் ஆரம்பித்துவிடும்.

“ஒருத்தர் மேடையில பேசுறார்னு வைங்க. வாய் அசையுது, கை அசையுது. பின்னால இருக்கிற சுவர் எங்கேயாவது எழுந்து நடக்குதா? அதை எதுக்குய்யா திரும்பத் திரும்ப அனுப்பணும்? முதல்ல ஒரு முழுப்படம். அப்புறம் மாறினது மட்டும். மெல்லிசு லைன்லகூட யானை போற மாதிரி படம் போகும்.”

“வழியில ஏதாவது தொலைஞ்சு போச்சுன்னா?” என்று எவராவது கேட்டுவிட்டால் அவருக்கு இன்னும் குஷி.

“திருப்பிக் கேட்டு வாங்குவேன். தொலைஞ்ச துண்டு வர்ற வரைக்கும் படம் நிக்கும். நிக்கட்டுமே! நம்ம கடையிலேர்ந்து கறை பிடிச்ச படம் போகாது.”

இப்படிப்பட்டவர் தன் வீட்டில் மட்டும் பேச்சில் கடைசி. மனைவிக்குப் பிறவியிலேயே காது கேட்காது, வாய் பேசாது. மகளுக்கும் அப்படியே. அம்மாவும் மகளும் கையால் பேசுகிற வேகத்தைப் பார்த்தால் தையல் மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். மனைவிக்குத் தொழிலே தையல்தான். முன்னறையில் ஜன்னலோரம் மெஷின், அதைச் சுற்றி ஊர்ப் பெண்களின் அளவு ரவிக்கைகள். டெக்கண்ணனும் கைமொழி கற்றுக்கொண்டார். ஆனால் வயர் முறுக்கிப் பழகிய தடித்த விரல்கள் அவருடையவை. ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் எதிரே இருக்கிற இரண்டு பேரும் சிரித்துவிடுவார்கள். “அப்பாவுக்குக் கை திக்குது” என்பது மகள் சின்ன வயதிலேயே கண்டுபிடித்த கிண்டல்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மோவாயில் ஒரு விரலைத் தொட்டால் அது மகள். அங்கே அவளுக்கு ஒரு மச்சம் உண்டு. நெற்றியில் இரண்டு விரலை வைத்துத் திருகினால் அது அப்பா. ஏன் திருகல் என்று அவரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.

மகளுக்கு ஒரு தீவில் வேலை கிடைத்தது. மீன்குஞ்சு வளர்க்கிற பண்ணை. பூதக்கண்ணாடியில் முட்டைகளைப் பார்த்து, உயிருள்ளது எது, கெட்டது எது என்று பிரிக்க வேண்டும். கெட்ட முட்டையை அவள் கண்டுபிடிக்கிற வேகத்தைப் பார்த்து மேனேஜரே வாய் பிளந்தாராம். அவளுக்கும் அந்த வேலை பிடித்துப்போயிற்று. தொட்டியைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தவே மாட்டாள்.

பிடிக்காதது ஒன்றுதான். தீவில் கைமொழி தெரிந்த ஒரு ஆள் கிடையாது. எல்லோரும் நல்லவர்கள், எதையும் காகிதத்தில் எழுதிக் காட்டுவார்கள். எழுதிக் காட்டி வேலை பார்க்கலாம், எழுதிக் காட்டி வாழ முடியுமா? நாள் முழுக்க அடக்கி வைத்ததையெல்லாம் சாயங்காலம் அம்மாவிடம் கொட்டினால்தான் அவளுக்கு மூச்சு வரும். ஆனால் தீவுக்கு சிக்னல் தண்ணீரைத் தாண்டி, மெலிந்து, தள்ளாடி வந்தது. போனில் இருக்கிற சாதாரண வீடியோ அழைப்பு அங்கே நொண்டியடித்தது. டெக்கண்ணன் விடுவாரா? தன் கைப்பட இரண்டு பெட்டிகள் செய்தார். ஒன்று தையல் மெஷின் பக்கத்தில், ஒன்று மகளின் அறையில். வீட்டிலிருந்தபடியே இரண்டையும் திருகிக்கொள்ளலாம்.

படம் வந்தது. மகளின் மோவாய் மச்சம் வரைக்கும் துல்லியமாக வந்தது. வந்து, நின்றது.

மகள் ஒரு கையைத் தூக்குவாள். கை அந்தரத்தில் நிற்கும். அம்மா காத்திருப்பாள். திடீரென்று பத்து வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழும், மறுபடியும் நிற்கும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒரே நேரத்தில் நிறுத்தி, ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வார்கள். இப்படியே மாதங்கள் போயின. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மகள் மெதுவாக, ஒவ்வொரு கையசைவையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“மேனேஜர் கேக்குறார். நிரந்தரமா இருக்கியா, போறியான்னு. சனிக்கிழமை படகு வர்றதுக்குள்ள சொல்லணும். நான் அந்தப் படகுல வந்துடறேம்மா.”

“வேலை பிடிக்கலையா?”

“வேலை பிடிச்சிருக்கு. ஊமையா இருக்கத்தான் பிடிக்கல.”

அந்த வார்த்தையை அவள் தன் வாழ்க்கையில் ஒரு நாளும் தன்னைப் பற்றிச் சொன்னதில்லை. படம் நின்றுபோயிற்று. மகளின் முகம் அப்படியே, அழுகிறதா இல்லையா என்று தெரியாத ஒரு இடத்தில், அற்புதமான தெளிவோடு நின்றது.

மனைவி அவர் பக்கம் திரும்பினாள். “போட்டோ பிடிச்சு மாட்டவா பெட்டி செஞ்சீங்க?”

டெக்கண்ணன் அன்றைக்கே தையல் மெஷின் பக்கத்துப் பெட்டியைக் கழற்றி, கடைக்குக் கொண்டுபோக எடுத்து வைத்தார்.

மறுநாள் கடையைத் திறந்ததும் பழைய கேபிள்காரர் வந்துவிட்டார். ஒரு காலத்தில் இருவரும் ஒருவர் வயரை ஒருவர் வெட்டிக்கொண்டவர்கள். இப்போது ஒன்றாக டீ குடிக்கிறார்கள். டெக்கண்ணன் அவரைக் கேமரா முன்னால் உட்கார வைத்தார். வேண்டுமென்றே லைனைக் கெடுத்து, இரண்டு கையையும் ஆட்டச் சொன்னார்.

“எதுக்குய்யா ஆட்டணும்? காக்கா விரட்டுறேனா?”

“ஆட்டுய்யா, காரணம் இருக்கு.”

தொலைந்த துண்டைத் திருப்பிக் கேட்கிற வேலையை அவர் நிறுத்தினார். படம் நிற்காமல் ஓடியது. ஆனால் மாறினதை மட்டும் அனுப்புகிற படமாயிற்றே! ஒரு துண்டு தவறினால் அடுத்ததும் அந்தத் தவறின்மேல்தான் ஏறி உட்காரும். கேபிள்காரரின் முகம் ஈரப் பெயின்ட் மாதிரி வழிந்தது.

“ஐயையோ, என் மூக்கு காதுகிட்ட கிடக்கே!”

“இருந்த இடத்துல மட்டும் என்ன அழகாவா இருந்துச்சு?”

அடுத்து, முழுப்படத்தை அடிக்கடி அனுப்பிப் பார்த்தார். கறை உடனே சரியாயிற்று. ஆனால் ஒவ்வொரு முழுப்படமும் மூட்டை கனம். மூட்டை வரும்போதெல்லாம் லைன் திணறியது, கை நின்றது. ஆட்டி ஆட்டித் தோள் வலித்த கேபிள்காரர், டீக்கு யார் சொல்வது என்று கேட்டுவிட்டு அவரே போய்ச் சொன்னார்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு டெக்கண்ணன் வீட்டுக்கு வந்தார். பின்னறையில் கேமரா, முன்னறையில் மனைவி பார்க்கிற திரை. லைன் கெட்டபடியே, திருப்பிக் கேட்காதபடியே இருந்தது. பெட்டி ஓடுகிறதா என்று பார்க்க, கேமரா முன்னால் நின்று சும்மா ஒரு வாக்கியம் சொன்னார்: “கடைச் சாவிய எங்கே வச்சேன்னு தெரியல, மதியத்துலேர்ந்து தேடுறேன்.” சொல்லிவிட்டு, படம் எப்படியும் குப்பையாகத்தான் போயிருக்கும், அணைத்துவிடலாம் என்று முன்னறைக்கு வந்தார்.

மனைவி தைத்துக்கொண்டே அவர் சட்டைப் பையைக் காட்டினாள். சாவி அங்கே இருந்தது.

திரையைப் பார்த்தார். அவருடைய வலது கையில் பாதி இல்லை. தோள் சுவரோடு கலந்து கிடந்தது.

“எப்படிப் புரிஞ்சுது? கையே இல்லையே!”

அவள் மெஷினை நிறுத்தினாள். “கடைத்தெருவுல நான் இந்தப் பக்கம் நிக்கிறேன், நம்ம பொண்ணு அந்தப் பக்கம். பேசிட்டு இருக்கோம். குறுக்க ஒரு பஸ் போகுது. பஸ் போனப்புறம் முதல்லேர்ந்தா ஆரம்பிக்கிறோம்? விட்டுப்போனதை நானே போட்டுக்குவேன். அவளும் நிறுத்த மாட்டா. நிறுத்தினாத்தான் குழப்பம்.”

“அழுக்கா இருக்கேடி படம்?”

“அழுக்கா வரட்டும், நிக்காம வரட்டும். உங்க திக்குற கையையே இத்தனை வருஷமாப் படிக்கிறேன். இது என்ன பெரிய கஷ்டம்?”

டெக்கண்ணன் தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வாழ்க்கை முழுக்க அழுக்குப் படத்தை விரட்டிய மனிதரிடம், அழுக்காகவே செய்து கொடு என்று அவர் பெண்டாட்டி சொல்கிறாள். அவருக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனால் சாவி பையில் இருந்ததே! அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? முன்னேறி வந்த மனிதருக்கு ஒரு குணம் உண்டு: வழி தெரிந்துவிட்டால் ரோஷத்தை மடித்து இடுப்பில் செருகிவிட்டு வேலையைப் பார்ப்பார்.

படத்தைப் பாதிக்குப் பாதி சின்னதாக்கினார். முழுப்படத்தை மூட்டையாக அனுப்பாமல், இடது ஓரத்திலிருந்து பட்டை பட்டையாகக் கிழித்து, முறை வைத்து ஒவ்வொரு பட்டையாகப் புதுப்பிக்கச் செய்தார். கறை எங்கே விழுந்தாலும், அந்தப் பட்டையின் முறை வரும்போது தானாகத் துடைபடும், லைனும் திணறாது. தொலைந்த துண்டுக்குக் காத்திருக்காமல், அதே இடத்தில் அதற்கு முந்தின படத்துத் துண்டை ஒட்டுப்போட்டு மூடினார். சில துண்டுகளுக்கு ஒன்று என்று ஒரு உபரித் துண்டையும் கூட அனுப்பினார். அந்தத் துண்டுகளில் ஒன்று காணாமல் போனால், மிச்சத்தையும் உபரியையும் வைத்துப் போனதைக் கண்டுபிடித்துவிடலாம். சத்தத்தை அடியோடு நிறுத்தினார். இந்த இரண்டு பேருக்கு அது எதற்கு?

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்குள் இறங்கினார். அங்கேதான் சண்டை.

“ஃபேன் சுத்துறதுகூட மாற்றம்தான். உன் கைக்குப் போக வேண்டியதை அது தின்னுடுது. நிறுத்து.”

“வேர்க்குமே?”

“வேர்க்கட்டும். அந்த ஜன்னல் திரையையும் கழட்டு.”

அந்தத் திரையை அவளே தைத்திருந்தாள். முழுக்கப் பூ, காற்றில் ஆடினால் ஒரு தோட்டமே ஆடும். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“அடுத்தது என்ன? நான் போட்டிருக்கிறதையுமா?”

“பூப் போட்டது வேண்டாம். ஒரே நிறம். கறுப்பு மாதிரி இருந்தா கை எடுத்துக் காட்டும்.”

“தையல்காரி வீட்டுல சுவத்துக்குப் பூ இல்ல, எனக்கும் பூ இல்ல. உங்களைக் கட்டிக்கிட்டதுக்கு இதுதான் பாக்கி” என்றாள். ஆனால் சாயங்காலம் அவள் கறுப்புத் துணியில், வெறுஞ்சுவருக்கு முன்னால், முகத்தைத் துடைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

மகள் திரையில் வந்தாள். முகம் கட்டம் கட்டமாக இருந்தது. மச்சம் தெரியவே இல்லை. டெக்கண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கதவோரம் நின்றார்.

“என்னம்மா இது? அப்பா பண்ணின படமா? கண்றாவியா இருக்கு!”

“கண்றாவியைப் பேசாதே. தலைமுடியை என்னடி பண்ணினே?”

“வெட்டிட்டேன்.”

“யாரைக் கேட்டு?”

“என் முடிக்கு யாரைக் கேக்கணும்?”

சண்டை பிடித்துக்கொண்டது. அம்மாவின் கை பறக்க, மகள் பாதியிலேயே மறித்து பதில் கொடுக்க, அதை அம்மா வெட்ட, இருவரும் மூச்சு விடவில்லை. நடுவில் தண்ணீர்மேல் சிக்னலுக்கு ஏதோ ஆயிற்று. மகளின் இடது தோளிலிருந்து விரல்வரை ஒரு பட்டை பழைய படத்திலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. டெக்கண்ணனின் கை தானாகப் பெட்டிப் பக்கம் போயிற்று. அம்மா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பட்டை தானாக நகர்ந்து சரியானபோது அவர்கள் மூன்று பேச்சு தாண்டிப் போயிருந்தார்கள். முடியிலிருந்து செருப்புக்கு, செருப்பிலிருந்து பண்ணைச் சமையல்காரருக்கு, அவரிடமிருந்து பக்கத்து அறைப் பெண்ணின் குறட்டைக்கு. (குறட்டை எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். கட்டில் அதிருகிறது என்றாள் மகள்.) இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். ஒரே நேரத்தில்.

அப்புறம் மகளின் கை சற்று அடங்கியது.

“அம்மா, தினமும் இப்படி வருமா?”

அம்மா கதவோரத்தைப் பார்த்தாள். டெக்கண்ணன் முன்னால் வந்து, கறுப்புத் துணிக்குப் பக்கத்தில் தலையை நீட்டி, தடித்த விரல்களால் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

“வரும். மழை பெஞ்சா இன்னும் அசிங்கமா வரும். ஆனா வரும்.”

“திக்காம சொல்லுங்கப்பா.”

“வரும்!”

மகள் சிரித்தாள், கட்டங்களுக்கு நடுவிலும் அது தெரிந்தது. “சரி. நாளைக்குப் படகுல நான் வரல. மேனேஜர்கிட்ட காலையிலேயே எழுதிக் கொடுத்துடறேன், இருக்கேன்னு.” அம்மா தன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக ஃபேன் நின்றிருந்தது.

“இருங்க, என் தொட்டியைக் காட்டுறேன்” என்று சொல்லி மகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். டெக்கண்ணன் பதறிப்போனார். நடந்தால் சுவர், தரை, விளக்கு எல்லாமே மாறும். அதுவும் மீன்குஞ்சுத் தொட்டி! ஆயிரக்கணக்கில் ஊசிபோல நெளிகிற ஒவ்வொன்றும் மாற்றம்தான். மெலிந்த லைனுக்கு இதைவிடக் கெட்ட படம் உலகத்தில் கிடையாது. அவர் நினைத்த மாதிரியே திரை முழுக்கச் சதுரம் சதுரமாக நொறுங்கியது. பிறகு இடது ஓரத்தில் ஒரு பட்டை தெளிந்தது. அதற்கு அடுத்தது தெளிந்தது. பச்சையாகத் தண்ணீர் வந்தது. விளிம்பில் மகளின் விரல் வந்தது.

அம்மா எழுந்து திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். “இதுல எதுடி மீனு?”

விரல் தொட்டி முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டியது.

“எல்லாமே.”