மரெவெயாவின் ஐஸ் பெட்டி

மரெவெயாவுக்கு வாய் நீளம். நடுக்கடல் தீவான தெற்குத் தராவாவின் சாலையோரத்தில் ஐஸ் பெட்டியோடு உட்கார்ந்து மீன் விற்கும் பெண்களில், அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் இல்லை. கணவன் கைதிரா பிடித்து வரும் சூரை மீனை விற்பதைவிட, எதிர்ப்புறம் உட்காரும் போதிகாவைச் சீண்டுவதில்தான் அவளுக்குக் குஷி.

போதிகா செய்த குற்றம் ஒன்றுதான். பெட்டியையும் கத்தியையும் தொட்டியில் பிடித்து வைத்த மழைத்தண்ணீரில், அதுவும் கொஞ்சம் பிளீச்சிங் கலந்து கழுவுவாள்.

"ஏண்டி போதிகா, உன் மீனைத் தின்னா வெளுத்த துணி வாசனையில்ல அடிக்குது! மழையே இல்லாத வருசம், குடிக்கத் தண்ணியில்ல, இவ பெட்டியைக் குளிப்பாட்டுறா. கடலு எதுக்குடி இருக்கு?" என்பாள் மரெவெயா. வாங்க வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அவளுக்குக் கடல் வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. காயலில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, பெட்டியை அலசி, கத்தியைத் தேய்த்து, மீனை மூடும் சாக்கை முக்கிப் பிழிந்து எடுத்து வருவாள். அவள் அம்மாவும் அப்படித்தான் செய்தாள். உப்புத் தண்ணீர் பட்டால் எல்லாம் சுத்தம் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

கைதிராவின் தம்பி குழந்தைக்கு ஒரு வயது நிறைந்தது. அதற்கு ஊரையே அழைக்காமல் இருக்க முடியுமா? ஊர் கூடும் பெரிய கூரையான மானியாபாவில் பாய் விரித்து விருந்து. மரெவெயா, போதிகா இருவரிடமும் சூரை வாங்கி, பச்சையாகவே துண்டு போட்டுத் தேங்காய்ப்பாலில் ஊறவைத்துப் பரிமாறினார்கள். மறுநாள் பாதி ஊருக்கு வயிற்றுப்போக்கு. விருந்துக்குரிய குழந்தையையே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"அந்தப் பிளீச்சிங்காரி மீனுதான். மருந்துத் தண்ணியில கழுவினா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று முதலில் சொன்னது மரெவெயாதான். யோசிக்கக்கூட இல்லை. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. போதிகாவின் பெட்டியருகே ஒருவரும் நிற்கவில்லை.

சுகாதாரத் துறையிலிருந்து தேரோய் என்ற பெண் வந்து, எல்லாருடைய பெட்டி, கத்தி, சாக்கையும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து, குச்சிகளைச் சோதனைக்கு எடுத்துப் போனாள். திரும்பி வந்தபோது மரெவெயாவை மட்டும் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கூப்பிட்டாள்.

"போதிகா பெட்டி சுத்தமா இருக்குக்கா. உங்க பெட்டி, கத்தி, சாக்கு எல்லாத்துலயும் மலத்துல இருக்கிற கிருமி. எங்க வெச்சுக் கழுவுறீங்க?"

மரெவெயா கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது. அங்கே பக்கத்து வீட்டுக்காரர் இடுப்புத் துணியைத் தூக்கிக்கொண்டு குந்தியிருந்தார். அவளுடைய பன்றிப் பட்டியின் கழிவும் அங்கேதான் வழிந்து இறங்கியது. காலையில் அவளே அங்கேதான் போய்விட்டு வந்திருந்தாள். தினமும் பார்த்த கரைதான்; கையை இழுத்துக்கொண்டாள்.

"பேரை வெளியில சொல்லமாட்டோம். இனிமே இங்க கழுவாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள் தேரோய்.

அதுதான் அவளைக் கொன்றது. யாராவது கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பாள். இப்போதோ வாயை மூடிக்கொண்டால் போதும், பழி எதிர்ப்புறத்திலேயே கிடக்கும். மூடிக்கொண்டும் பார்த்தாள். எதிரே போதிகா விற்காத மீனுக்கு ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்க்க இவளுக்குத் துணிவில்லை. குழந்தை தேறி வீட்டுக்கு வந்த பிறகும், அதைத் தூக்கக் கை நீளவில்லை.

ஒரு மாலை, பஸ் நின்று ஆட்கள் இறங்கும் நேரம் பார்த்து, சாலையைக் கடந்து போதிகாவின் முன் போய் நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க. குழந்தை படுத்தது என் மீனால. நாம எல்லாம் குந்துற தண்ணியிலதான் நான் மீன் கழுவினேன். இவ மேல பழி போட்டதும் நான்தான்." போதிகா பக்கம் திரும்பினாள். "போதிகா, ஒரு துண்டு வெட்டிக் குடு."

போதிகா கத்தியைக் கழுவினாள். நிதானமாக ஒரு துண்டு வெட்டி நீட்டினாள். மரெவெயா அத்தனை பேர் முன்னாலும் அதைப் பச்சையாகவே வாயில் போட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிய மென்றாள்.

"துணி வாசனை அடிக்குதா?" என்று கேட்டாள் போதிகா.

மரெவெயா இல்லையென்று தலையாட்டினாள்.

போதிகா இன்னொரு துண்டு வெட்டினாள். "இதையும் தின்னு. பின்னாடி நிக்கிறவங்களுக்குச் சரியாத் தெரியல."