வாளிக்குள் ஓர் ஏரி

"இந்த ஏரியில ஒரு புழு செத்தாலும் எங்கிட்ட சொல்லிட்டுத்தான் சாகும்" என்று, ஏரி அலுவலகத்தின் அளவுக்காரர் தன் கல்யாணப் பந்தியிலேயே பிரகடனம் செய்தார். அன்றிலிருந்து அவருக்கு 'ஏரி மந்திரி' என்று பெயர். வைத்தவர்கள் கிண்டலுக்கு வைத்தார்கள். அவர் பட்டமாக வாங்கிக்கொண்டார்.

மந்திரியின் இலாகா சிறியது. தினமும் உச்சிவெயிலில் கரையோரத்தில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கி, தண்ணீரின் வெப்பத்தை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். அங்கே சேறு இருந்தது. அவர் காலில் பளபளப்பான ஷூ இருந்தது. இரண்டுக்கும் ஒத்துவராது என்பதை மூன்றாம் நாளே கண்டுகொண்டார். எனவே காலையில் படித்துறை ஆழத்தில் ஒரு வாளி மொண்டு, வராந்தா நிழலில் வைத்து, டீ குடித்து, பேப்பரைக் கடைசிப் பக்கம்வரை முடித்துவிட்டு, வாளிக்குள் தெர்மாமீட்டரை விடுவார். இருபத்துநாலு. இருபத்தொரு வருஷமாக, அரை டிகிரி முன்னே பின்னே, இருபத்துநாலு. ஏரிக்கு இந்த ஒழுக்கத்தைக் கற்றுக்கொடுத்தது தாம்தான் என்று அவருக்கு அடக்கமான ஒரு நம்பிக்கை.

அந்த வருஷம் குளிர்காலம் தலைகாட்டவே இல்லை. மழையும் அதற்குத் துணையாக ஒதுங்கிக்கொண்டது. கரையோரம் வற்றி, மிச்சத் தண்ணீரில் பாசி பச்சைக் கம்பளம் விரித்தது. அந்தத் தண்ணீரில்தான் மந்திரியின் மச்சினன், மனைவியின் ஒரே தம்பி, இருந்த வேலையை விட்டுவிட்டு வலை கட்டி மீன்குஞ்சு வளர்த்துக்கொண்டிருந்தான். அவனிடம் வேறு எதுவும் இல்லை.

ஒரு மத்தியானம் ஈரக்காலோடு அலுவலகத்துக்கு வந்தான்.

"மாமா, தண்ணி சுடுது. குஞ்சுங்கள ஆழத்துக்கு மாத்திரவா? பெரிய மீன் பாதியத் தின்னுரும். பாதியாச்சும் மிஞ்சும்."

மந்திரி பதிவேட்டைத் திறந்து, இருபத்துநாலின் மேல் விரலை வைத்தார்.

"ஏரிக்கு ஒண்ணுமில்ல மாப்ள. உன் காலுக்குத்தான் ஜுரம்."

அலுவலகமே சிரித்தது. மச்சினனும் சிரித்து வைத்தான். அக்கா புருஷனாயிற்றே.

சூடேறிய தண்ணீரில் மூச்சு தங்காது. முதலில் சேற்றுக்குள் இருந்த சிவப்புப் புழுக்கள் மூச்சு தேடி மேலே வந்தன. குஞ்சுகளுக்கு இரண்டு நாள் விருந்து; மூன்று பங்கு கொழுத்தன. "பாத்தியா?" என்றார் மந்திரி. பிறகு சேற்றில் உயிருள்ள புழுவே இல்லை. புழுதான் வளர்ந்து பூச்சியாகிப் பறக்கும். ஆகவே சாயங்கால விளக்கில் பூச்சியும் இல்லை. மந்திரியின் மனைவி பல வருஷம் கழித்து ஜன்னலைத் திறந்து வைத்தாள். அந்தப் பெருமையையும் அவரே எடுத்துக்கொண்டார். கொக்குகள் ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று பார்த்துவிட்டு, இடமாற்றல் உத்தரவு வந்ததுபோலக் கூட்டமாகக் கிளம்பின. அதுபற்றிப் பதிவேட்டில் கட்டம் இல்லாததால் எழுதவில்லை.

அடுத்த வாரம் பாசியும் செத்து அழுகி, இருந்த கொஞ்சம் மூச்சையும் குடித்தது. பசித்த குஞ்சுகள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மறுநாள் பகலில் வலை முழுக்க வெள்ளை வயிறுகள்.

தகவல் கேட்டு மந்திரி வந்தபோது மனைவி கரையில் நின்றிருந்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மச்சினன் தண்ணீரில் நின்று, செத்ததைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தான்.

ஷூவைக் கழற்றினார். இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகச் சேற்றில் இறங்கினார். கால் சுரீரென்றது. தெர்மாமீட்டரை விட்டார். முப்பத்தாறு. உதறிவிட்டு மறுபடி விட்டார். முப்பத்தாறு.

மச்சினன் நிமிரவில்லை. ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளி அவர் முன்னால் பிசைந்து காட்டினான். உள்ளே வெளுத்த நூல்போல ஏதேதோ கிடந்தன.

"இந்தப் புழுவெல்லாம் எப்ப செத்துச்சு, மாமா?"

மந்திரி கரையில் கிடந்த ஷூவைப் பார்த்தார். பிறகு மனைவியை.

"தெரியல மாப்ள" என்றார்.