டச்சப் அக்கா வாங்கிய லென்ஸ்

எல்லோரும் அவளை டச்சப் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஸ்டுடியோவில் சேர்ந்த புதிதில், படங்களில் இருக்கும் முகப்பருவையும் கருவளையத்தையும் கம்ப்யூட்டரில் துடைத்தெடுப்பதுதான் அவள் வேலை. பிறகு கேமராவைக் கையில் எடுத்தாள். பதினோரு வருஷத்தில் அந்த ஸ்டுடியோவின் பாதிப் படங்கள் அவள் எடுத்தவை. ஆனால் பட்டப்பெயர் மட்டும் மாறவில்லை, முதலாளி மாற விடவில்லை. "நம்ம டச்சப் இருக்காளே..." என்று வாடிக்கையாளர் முன்னால் அவர் ஆரம்பிக்கும்போதெல்லாம் அவளும் சிரித்துவைப்பாள். அப்படிச் சிரித்ததை இப்போது நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நடந்தது இதுதான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஓர் உள்விளையாட்டு அரங்கில் பெண்களுக்கான பளுதூக்கும் போட்டி. முதலாளி சிறப்பு விருந்தினர்களில் ஒருவர். தன் கேமராவை அவளிடம் கொடுத்து, "சும்மா நாலு படம் தட்டிப் போடு" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் பின்னால் விருந்தினர் வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார். அரங்கில் வெளிச்சம் போதாது. ஃபிளாஷ் போட்டால் தூக்குகிறவர்களின் கண் கூசும் என்று தடை வேறு. நல்லவேளை, கேமராவில் மாட்டியிருந்தது முதலாளியின் எண்பத்தைந்து மில்லிமீட்டர் லென்ஸ். அதில் ஜூம் கிடையாது; கிட்டப் போக வேண்டுமென்றால் நாம்தான் நடக்க வேண்டும். ஆனால் வாயை அகலத் திறந்து, இருக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வாரிக் குடித்துவிடும். கடைசிச் சுற்றில் ஒரு பெண் தலைக்கு மேல் தூக்கிய பாரத்தைக் கீழே போட்டாள். அந்த நொடியில் அவள் முகம் உடைந்து அழுகையானது. டச்சப் அக்கா அதைப் பிடித்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்து, புகைப்படக்காரர் சங்கத்தின் போட்டியில் அந்தப் படம் முதல் பரிசு வாங்கியது. கீழே முதலாளியின் பெயர்.

"சார், அது நான் எடுத்தது."

"கேமரா யாரோடது?" என்று கேட்டார், தலையை நிமிர்த்தாமலே.

"உங்களோடது."

"லென்ஸ்?"

"அதுவும் உங்களோடதுதான் சார்."

"அப்புறம் என்ன? விரல் மட்டும்தான் உன்னோடது. அதுக்குத்தான் மாசாமாசம் சம்பளம் வாங்கறியே."

அன்றைக்கே அவள் விலகிவிடவில்லை. வேலை வேண்டியிருந்தது. படத்தை ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி கடை வாசலில் மாட்டினார்கள். இரண்டு வருஷம் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போனாள். பிறகு ஒருநாள் முதலாளி, "காலண்டருக்கு அந்தப் படத்தைப் போடப் போறேன். பொண்ணு மூஞ்சில வேர்வை ஜாஸ்தி, கொஞ்சம் துடைச்சுடு" என்றார். அவள் மவுஸை மேஜையில் வைத்துவிட்டு எழுந்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவள் திரும்பிப் போகவேயில்லை.

ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் அலுவலகத்துக்கு எதிரே ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். வெள்ளைத் திரை, இரண்டு விளக்கு, ஒரு முக்காலி. நாள் முழுக்க, "காது தெரியட்டும், பல்லு தெரிய வேண்டாம்" என்று சொல்லி பாஸ்போர்ட் அளவுப் படங்கள் எடுத்தாள். பழைய கேமரா ஒன்றும் சாதாரண லென்ஸ் ஒன்றும் அதற்குப் போதும்.

போதும்தான். ஆனாலும் அந்த எண்பத்தைந்து அவள் மனசை விட்டுப் போகவில்லை. வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் போனில் அதைப் பற்றியே படித்துக்கொண்டிருப்பாள். புது லென்ஸின் விலையில் நல்ல ஸ்கூட்டர் ஒன்று வாங்கிவிடலாம். இருமுறை பெரிய கடைக்குப் போய் மாட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றேன்" என்று திரும்பிவந்தாள். மூன்றாம் முறை போனபோது விற்பனைப் பெண்ணே, "மேடம், பாஸ்போர்ட் போட்டோவுக்கு இது எதுக்கு? யானையை வச்சு நெல்லிக்காய் பறிக்கற மாதிரி" என்று சொல்லிவிட்டாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் நட்டு போல்ட்டாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வருவார்.

"சரி, வாங்கறேன்னே வச்சுக்கோ. அதுல எதைப் படம் எடுப்ப?"

"எதையாவது எடுப்பேன்."

"எதைன்னு கேட்டேன்."

"ஏங்க, அவர்கிட்ட இருக்கறது எங்கிட்டயும் இருக்கணும். அவ்வளவுதான்."

"அப்ப உனக்கு வேண்டியது லென்ஸ் இல்ல, அந்த ஆளோட மூக்கு உடையணும். அதுக்கு இவ்வளவு செலவு ஆகாதே" என்றார் அவர், சட்டைக் காலரில் ஒட்டியிருந்த கிரீஸைச் சுரண்டியபடி. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது சரி என்பதுதான் காரணம்.

இப்படி வாங்கலாமா வேண்டாமா என்று ஏழெட்டு மாதம் இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பூஞ்சை அண்ணன் போன் செய்தார். பழைய கேமராக்களை வாங்கி விற்கிறவர். எந்த லென்ஸைக் கொடுத்தாலும் முதலில் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பார்ப்பதால் அந்தப் பெயர்.

"தங்கச்சி, உன் பழைய முதலாளி வேற கம்பெனி கேமராவுக்கு மாறிட்டாராம். பழசையெல்லாம் எங்கிட்ட விக்கக் கொடுத்திருக்காரு. நீ கேட்டுட்டே இருந்தியே, அந்த எண்பத்தஞ்சும் அதுல இருக்கு."

மதியமே அறையைப் பூட்டிவிட்டுப் போய் நின்றாள். கண்ணாடி மேஜைமேல் அதே லென்ஸ். வெளி வளையத்தில் இருந்த சின்ன நெளிவு கூட அவளுக்குத் தெரிந்ததுதான். போட்டி அரங்கின் படிக்கட்டில் அவளே இடித்ததில் வந்தது. கையில் எடுத்ததும் வந்தது ஆசையா அருவருப்பா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"பூஞ்சை கிடையாது" என்றார் அண்ணன். "ஆனா ஃபோகஸ் கொஞ்சம் மெதுவா நகரும், மறைக்க மாட்டேன். உன் வேலைக்கு இதுல கால்வாசி விலை லென்ஸே போதும்மா."

"புதுசுல பாதி விலை சொல்றாரே, இந்தப் பழசுக்கு?"

"பரிசு வாங்கின படம் எடுத்த லென்ஸாச்சே, அந்தப் பெருமைக்கும் சேர்த்துத்தான். நான் கேக்கவேயில்ல, அவரா அன்னிக்கு எடுத்த மொத்தப் படத்தையும் பென்டிரைவ்ல போட்டு அனுப்பியிருக்காரு. வாங்கறவங்க தரத்தைப் பாத்துக்கட்டுமாம்."

அண்ணனின் கம்ப்யூட்டரில் அவள் அந்தப் படங்களைத் திறந்தாள். போட்டி நடந்த மாலையே முதலாளி மெமரி கார்டை வாங்கிக்கொண்டுவிட்டதால், தான் எடுத்த முழு வரிசையை அவள் பார்த்ததே இல்லை. முந்நூறு, முந்நூற்றைம்பது, நானூறு என்று தள்ளிக்கொண்டே போனாள். நானூற்றுப் பதினேழாவதுதான் பரிசு வாங்கிய படம். அதற்கு முந்தையது வீணாய்ப்போன படம். அப்படி அகலத் திறக்கிற லென்ஸில் இமைக்குக் கூர்மை வைத்தால் காது மங்கிவிடும். கொஞ்சம் அசந்தாலும் ஃபோகஸ் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் பளுதூக்கும் பெண் வெறும் கலங்கலாகத் தெரிந்தாள். ஃபோகஸ் அவளைத் தாண்டிப் பின்னால் விருந்தினர் வரிசையில் விழுந்திருந்தது.

அங்கே, மீசை முடி எண்ணுகிற அளவுக்குத் துல்லியமாக, முதலாளி. தலை பின்னால் சாய, வாய் திறந்து, அசந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் நேரத்தைப் பார்த்தாள். ஒவ்வொரு படத்தோடும் கேமரா தானாகவே குறித்துவைக்கும் நேரம். இந்தப் படம் நான்கு மணி பன்னிரண்டு நிமிஷம் ஏழு விநாடி. பரிசுப் படம் அதே நிமிஷம், எட்டாவது விநாடி.

ஒரு பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். பூஞ்சை அண்ணன் மறுத்துத் தலையாட்டினார். "அது தப்பும்மா. லென்ஸ் வாங்கறவங்களுக்குத்தான் அந்த டிரைவ்."

"வாங்கறேன்" என்றாள். ஏழெட்டு மாதம் இழுத்த விஷயம் ஒரே சொல்லில் முடிந்தது. பேரம்கூடப் பேசவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட கணவர் வெகுநேரம் யோசித்தார். "ஆக, பென்டிரைவ் வாங்கினதுக்கு லென்ஸ் இலவசம்" என்றார்.

அடுத்த மாதம் சங்கத்தின் போட்டி. முதலாளி இப்போது மூன்று நடுவர்களில் ஒருவர், அதிலும் நடுநாயகம். வந்த படங்களைப் பெயர் சொல்லாமல் பொதுக்கூடத்தில் திரையில் போடுவார்கள். நடுவர்கள் எல்லோர் முன்னிலையிலும் கருத்துச் சொல்வார்கள். தொடர்படங்கள் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்கு மூலப் படங்களையே கொடுக்க வேண்டும், எடுத்த நேரமும் கீழே தெரிய வேண்டும் என்பது விதி. விதியைப் படித்தபோது, தனக்காகவே யாரோ எழுதிவைத்தது போல அவளுக்குத் தோன்றியது. இரண்டு படங்களைக் கொடுத்தாள். தலைப்பு: 'ஒரு விநாடி'.

கூட்டத்தன்று கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

முதல் படம் திரையில் வந்ததும் கூட்டம் சிரித்தது. வாயைப் பிளந்து தூங்குகிற மனிதர் யாருக்குத்தான் வேடிக்கையில்லை? முதலாளியும் சிரித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உற்றுப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

இரண்டாவது படம் வந்தது. அதை அறியாதவர் அந்தக் கூடத்தில் யாருமில்லை.

லேப்டாப்பை இயக்கிக்கொண்டிருந்த செயலாளர், "இது ஏற்கெனவே பரிசு வாங்கின படமாச்சே, மறுபடி எப்படி..." என்று ஆரம்பித்தவர், கீழே இருந்த நேரத்தைப் படித்தார். முந்தைய படத்துக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். கூடத்தில் ஒருவர்பின் ஒருவராகப் பேச்சு அடங்கியது.

"ஐயா, தூங்கிட்டேவா படம் எடுத்தீங்க?" என்று நடு வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கூடமே வெடித்துச் சிரித்தது.

முதலாளி எழுந்தார். "கேமரா என்னோடது. லென்ஸ் என்னோடது."

"லென்ஸ் இப்ப என்னோடது சார்" என்றாள் அவள், கடைசி வரிசையில் எழுந்து நின்று. "பில் இருக்கு."

செயலாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "கேமரா யாரோடதுங்கறது விதியில இல்லைங்க. எடுத்தவங்க பேருன்னுதான் இருக்கு."

இரண்டு வாரத்தில் சங்கப் பதிவேட்டில் பெயர் மாறியது. முதலாளி நடுவர் பொறுப்பிலிருந்து தாமாகவே விலகிக்கொண்டதாக அறிவிப்பு வந்தது. ஸ்டுடியோ வாசலிலிருந்து படத்தை இறக்கினார்கள். அவள் வழி அந்தப் பக்கம் இல்லை. ஆனாலும் மூன்று நாள் சுற்றிக்கொண்டு அந்தத் தெருவழியே நடந்தாள். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுப்பாக, சதுரமாகத் தெரிந்தது. மூன்றாம் நாள் முதலாளி கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"திருப்தியா?"

அவள் நின்று, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இன்னும் இல்ல சார்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

தன் அறைக்கு வெளியே மாட்டுவதற்காக அதே படத்தை அதே அளவில் அச்சடிக்கக் கொடுத்தாள். அது சுருளாக வந்து மூலையில் நின்றிருந்த ஒரு காலையில், தோள் அகன்ற ஒரு பெண் லேசாக நொண்டிக்கொண்டு உள்ளே வந்தாள். உரிமத்துக்குப் படம் எடுக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து டச்சப் அக்கா முக்காலியை இழுத்துப் போட்டாள். முகத்தைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது.

"பேப்பர்ல படிச்சேன்" என்றாள் பளுதூக்கும் பெண். "நீங்கதான் எடுத்தீங்களாமே அக்கா?"

"ஆமாம்மா." அந்த ஒரு சொல்லுக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தவள், முகமெல்லாம் மலர்ந்தாள்.

"அப்ப இத்தனை வருஷமா தப்பான ஆளைத் திட்டியிருக்கேன்."

டச்சப் அக்காவுக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு என் முழங்கால் கிழிஞ்சுபோச்சு. அதோட சரி, மறுபடி நான் தூக்கவே இல்ல. அந்த வலியிலதான் அழுதேன். பாக்கறவங்க எல்லாம் ஆனந்தக் கண்ணீர்ங்கறாங்க. அதை வாசல்லேர்ந்து எடுத்துடுங்கன்னு ஸ்டுடியோவுக்கே போய்க் கேட்டேன். கேமரா முன்னாடி வந்துட்டா படம் எங்களோடதுன்னாரு அந்த ஆளு." அவள் பார்வை மூலையில் நின்ற சுருளுக்குப் போனது. "அது அதுவா?"

டச்சப் அக்கா அதை மாட்ட ஆணியெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். சனிக்கிழமை முதலாளி உரிமத்தைப் புதுப்பிக்க எதிர் அலுவலகத்துக்கு வருகிறார் என்று விசாரித்தும் வைத்திருந்தாள். வரிசையில் ஒரு மணி நேரமாவது நிற்பார். நிற்கிற இடத்திலிருந்து நேர் எதிரே படம், கீழே அவள் பெயர். அந்த ஒரு மணி நேரத்தை அவள் மனசுக்குள் பத்து தடவை ஓட்டிப் பார்த்திருந்தாள்.

அந்தப் பெண் கெஞ்சவில்லை, கோபப்படவும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு சும்மா நின்றாள்.

"மாட்டல" என்றாள் டச்சப் அக்கா கடைசியில். பல் பிடுங்குவது போலத்தான் அந்தச் சொல் வந்தது. சுருளை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். "கொண்டுபோய்க் கிழிச்சுப் போடு."

பளுதூக்கும் பெண் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாசல்வரை போனவளை டச்சப் அக்கா கூப்பிட்டு நிறுத்தினாள்.

"ஒண்ணு மட்டும்மா. இதைக் கிழிக்கச் சொல்லி நானே கொடுத்தேன்னு அந்த ஆளுக்குத் தெரியவே கூடாது. தெரிஞ்சா சந்தோஷப்படுவாரு."